தேயிலைச் செப்பும் தந்த வேலையும்

கரமனையில் குடியேறிய நம் முன்னோர்க்கு வெற்றிலைச் செல்லம் எத்தகையதோ, அத்தகையதே பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர்க்குத் தேயிலைச் செப்பு. 1784இல் வரி வெகுவாகக் குறைக்கப்படும் வரை தேயிலை அங்கு விலைமிகு பொருள். ஆதலின் செப்புக்குப் பூட்டு இருந்தது. திறவுகோல் இல்லத் தலைவியின் கையில் இருந்தது. அதன் பெயராகிய 'கேடி' என்பது, ஏறத்தாழ 600 கிராம் எடையைக் குறிக்கும் 'காத்தி' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு என்பர்.

வெள்ளி, ஆமையோடு, பீங்கான், பல்வகை மரங்கள் ஆகியவற்றால் இச்செப்புகள் அமைந்தன. ஈரம் புகாதிருக்க உட்புறத்தே ஈயத்தகடு பொருத்தினர். இவற்றுட் சில நம் நாட்டிலேயே பிறந்தவை. விசாகப்பட்டினத்துக் கைவினைஞர் சந்தன மரப் பெட்டியின்மேல் யானைத் தந்தத் தகடுகளை ஒட்டி, பூங்கொடிகளைக் கீறி, அக்கீறல்களில் கரிய அரக்கை நிரப்பினர்.

நம் திருவாங்கூரும் தந்த வேலைக்குப் புகழ் பெற்றதே. இங்கிருந்து விக்டோரியா அரசியார்க்குச் சென்ற தந்த அரியணை, 1851இல் இலண்டன் பெரும் பொருட்காட்சியில் வைக்கப்பெற்றது.

அவ்வழகின் விலையை யானை கொடுத்தது. 1986, 1991 ஆண்டுகளின் சட்டத் திருத்தங்கள் தந்த வாணிகத்தைத் தடுத்தன. சிற்பியரின் உளி மரத்தை நாடிற்று. யானை பிழைத்தல் அறம். சிற்பி பிழைத்தலும் அறமே. ஈட்டி மரத்தில் அவர் செதுக்கும் செப்பொன்றை நம் இல்லத்தில் வைப்போமாயின் இரண்டும் கைகூடும்.