உயரம் எங்கிருந்து தொடங்குகிறது?

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு எளிய கணக்கு ஒன்றைக் கொடுத்திருந்தேன். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்திலுள்ள அலமாரித் தட்டிலிருந்து 1 கிலோகிராம் நிறையுள்ள புத்தகம் ஒன்று, 1 மீட்டர் உயரமுள்ள மேசைமீது விழுகிறது. அதன் நிலையாற்றலில் ஏற்படும் மாற்றம் என்ன?

ஒரு மாணவர் தரையிலிருந்து அளந்தார். முதலில் 19.6 ஜூல், விழுந்தபின் 9.8 ஜூல் என்றார். மற்றொருவர் மேசையிலிருந்து அளந்தார், முதலில் 9.8, பின்னர் சுழி. மூன்றாமவர் சற்றுக் குறும்புக்காரர். 3 மீட்டர் உயரத்திலிருந்த கூரையைச் சுழியாகக் கொண்டு, முதலில் −9.8, பின்னர் −19.6 என்று எழுதினார். “ஆற்றலுக்குக்கூடக் கடன் உண்டா?” என்று வகுப்பே சிரித்தது. எது சரியான விடை என்று நெடுநேரம் வாதிட்டார்கள். மூவருக்குமே நிலையாற்றல் 9.8 ஜூல் குறைந்திருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை!

வாசகரே, உங்களுக்கும் இந்தக் குழப்பம் இருந்ததுண்டா? வரலாற்றை விட்டுவிட்டு வாய்பாட்டை மட்டும் கற்பிப்பதால் விளைந்த குழப்பம் இது என்பது என் கருத்து. ஏனெனில், இக்கருத்து பிறந்தபோது “இவ்வுயரத்தில் எவ்வளவு ஆற்றல்?” என்று எவரும் கேட்கவில்லை. “எவ்வளவு உயரம் இறங்கியது? எவ்வளவு உயரம் ஏற்ற முடியும்?” என்றுதான் கேட்டார்கள்.

1686ஆம் ஆண்டில் லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பிரெஞ்சு மேதை டேக்கார்ட், இயங்கும் பொருளின் ‘வலிமை’யை நிறை, வேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் அளக்கலாம் என்று கூறியிருந்தார். அது தவறு என்பதே லைப்னிட்ஸின் வாதம். அவர் காட்டிய சான்றை நம் அளவைகளில் சொல்லிப் பார்ப்போம். ஒரு ராத்தல் கல்லை நான்கு முழம் உயர்த்துவதற்கும், நான்கு ராத்தல் கல்லை ஒரு முழம் உயர்த்துவதற்கும் ஒரே வலிமைதான் வேண்டும். இதை டேக்கார்ட்டின் மாணவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால், அவ்வுயரங்களிலிருந்து விழும் கற்கள் தரையை எட்டும்போது அவற்றின் வலிமையும் சமமாக இருக்கவேண்டுமல்லவா? கலிலியோவின் விதிப்படி, நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழும் கல் பெறுவது இரண்டு மடங்கு வேகமே. டேக்கார்ட்டின் கணக்கில் சிறிய கல்லுக்கு 1 × 2 = 2; பெரிய கல்லுக்கு 4 × 1 = 4. சமமில்லை! வேகத்தின் இருமடியை எடுத்துக்கொண்டாலோ, இரண்டுக்கும் 4 வருகிறது.

இதில் உயரம் எங்கிருந்து தொடங்குகிறது என்ற பேச்சே இல்லை. மலையுச்சியில் செய்தாலும் கிணற்றடியில் செய்தாலும் நான்கு முழம் நான்கு முழமே.

வாதத்தால் மட்டும் எல்லோரும் இணங்கிவிடுவார்களா? ஹாலந்து நாட்டில் லைடன் பல்கலைக் கழகப் பேராசிரியராக இருந்த கிராவசாந்தே, ஒரே அளவும் வெவ்வேறு நிறையும் உடைய குண்டுகளை மென்மையான களிமண்மீது விழச்செய்தார். நிறை இரண்டு மடங்கானால் உயரத்தைப் பாதியாக்கினார்; மூன்று மடங்கானால் மூன்றில் ஒரு பங்காக்கினார். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பள்ளம்! அவர் அதுவரை லைப்னிட்ஸின் கட்சியைச் சேர்ந்தவரல்லர். 1722இல் முடிவுகளை வெளியிட்டபோது கட்சி மாறிவிட்டார். களிமண்ணுக்குத் தலைவணங்கிய அந்த நேர்மையை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

பிரான்சில் இவ்வுண்மைக்காக வாதாடியவர் எமிலி டு சாட்டலே என்னும் பெண்மணி. பல்கலைக் கழகக் கதவுகள் பெண்களுக்கு மூடியிருந்த காலம் அது. 1740இல் அவர் எழுதிய இயற்பியல் நூலில், பாரிஸ் அறிவியற் கழகத்தின் மூத்த உறுப்பினரான மெய்ரானின் கருத்தைத் தயக்கமின்றி மறுத்தார். மறு ஆண்டு கழகச் செயலாளர் என்ற பெருமையுடன் மெய்ரான் பகிரங்கக் கடிதம் எழுதினார். அம்மையார் அஞ்சவில்லை, சில வாரங்களிலேயே பதில் அச்சாகிவிட்டது. 1749இல், தம் 42ஆம் வயதில், குழந்தை பிறந்த சில நாட்களில் அவர் மறைந்தார். நியூட்டனின் மாபெரும் நூலை அவர் பிரெஞ்சில் பெயர்த்திருந்தார். அம்மொழிபெயர்ப்பு 1759இல்தான் முழுமையாக வெளிவந்தது.

டேக்கார்ட்டின் அளவும் வீண்போகவில்லை. விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்று கேட்டால், உந்தம் என்ற பெயரில் அதுவே விடை. எவ்வளவு தொலைவு செயல்பட்டது என்று கேட்டால்தான் வேகத்தின் இருமடி வருகிறது. அதனுடன் பாதி என்ற எண்ணும் சேர்ந்து இயக்க ஆற்றல் ஆயிற்று.

இவ்வளவும் நடந்தபின், 1853இல்தான் ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் ரேங்கின், இன்று நிலையாற்றல் என்று நாம் வழங்குவதற்கு ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். ‘வெளிப்படக்கூடியது’ என்பது அச்சொல்லின் பொருள். கல்லுக்குள்ளே ஏதோ பதுங்கியிருக்கிறது என்ற மயக்கத்தை அது தருகிறது. உண்மையில் அந்த ஆற்றல் கல்லுக்கு மட்டும் உரியதன்று. கல்லும் புவியும் சேர்ந்த அமைப்புக்கு உரியது. நம் தமிழ்ச் சொல்லிலும் ஒரு கண்ணி உண்டு. ‘நிலை’ என்றால் இருப்பிடம் என்று கொள்ளாமல், ‘அசையாமல் நிற்பது’ என்று பலர் கொள்கிறார்கள். பறக்கும் பருந்துக்கு நிலையாற்றல் இல்லை என்று எழுதிய விடைத்தாளை நானே திருத்தியிருக்கிறேன்.

கூரையிலிருந்து அளந்த மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். மறுநாள் அவரிடமே கிணற்றுக் கணக்கு ஒன்றையும் கொடுத்தேன்: நீர்மட்டம் தரைக்கு 6 மீட்டர் கீழே, 10 லிட்டர் நீரை இறைக்க வேண்டும். தரையைச் சுழியாகக் கொண்டு −588 ஜூலில் தொடங்கினார், சுழியில் முடித்தார். வாளியின் எடையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். “கயிற்றையும் விட்டுவிட்டீர்களே ஐயா!” என்றார்.