மூன்றாவது உரிமையாளர்: ஆகஸ்ட் வில்சனின் ‘தி பியானோ லெஸன்’ நாடகத்தில் குலச்சொத்தும் சமரசமும்

ஆகஸ்ட் வில்சனின் ‘தி பியானோ லெஸன்’ 1990இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதே ஆண்டு நாடக விமர்சகர் ராபர்ட் புரூஸ்டீன் அதைக் கடுமையாகச் சாடி எழுதினார். அவர் குறைகண்ட இடங்களில் ஒன்று நாடகத்தில் நடமாடும் பேய். அக்காவும் தம்பியும் ஒரு பியானோவுக்காக மல்லுக்கு நிற்கும் யதார்த்தக் குடும்பக் கதைக்குள் அது வலிந்து புகுத்தப்பட்டிருக்கிறது என்றார். முதல் வாசிப்பில் பலருக்கும் தோன்றக்கூடிய குறைதான் இது. ஆனால் இந்தச் சண்டையை இரண்டு தரப்புச் சண்டை என்று எடுத்துக்கொண்டால் மட்டுமே அந்தக் குறை நிற்கும். பியானோவுக்கு உரிமை கோருபவர்கள் மூவர். மூன்றாமவர் இறந்துபோனவர் என்பதால் பேயாக வருகிறார். அவரை நீக்கிவிட்டு வாசித்தால் இறுதிச் சமரசத்துக்குக் காரணமே கிடைக்காது.

பியானோவின் வரலாற்றை அந்த அக்கா தம்பியின் சித்தப்பா டோக்கர் சொல்கிறார். அடிமைக் காலத்தில் மிசிசிப்பியின் நிலக்கிழார் சட்டர், திருமணநாள் பரிசாக மனைவி ஒஃபீலியாவுக்கு ஒரு பியானோ வாங்க விரும்புகிறார். கையில் பணமில்லை. நோலாண்டர் என்பவரிடம் ஒரு பெண்ணையும் அவள் மகனையும் கொடுத்துப் பியானோவைப் பெறுகிறார். பெண் முழு ஆள், சிறுவன் அரை ஆள் என்று கணக்கு. சில காலம் கழித்து ஒஃபீலியா, போனவர்கள் திரும்ப வேண்டும் என்று ஏங்கிப் படுத்துவிடுகிறாள். நோலாண்டர் மறுக்கிறார். அந்தப் பெண்ணின் கணவன் வில்லி பாய் கைதேர்ந்த தச்சன். இருவர் முகத்தையும் பியானோவில் செதுக்கச் சொல்கிறார் சட்டர். வில்லி பாய் அதோடு நிறுத்தாமல் தன் தாய், தந்தை, திருமணம், மகன் பிறப்பு, தாயின் இறுதிச் சடங்கு எல்லாவற்றையும் செதுக்கிவிடுகிறான். ஒஃபீலியாவுக்கு அளவில்லாத மகிழ்ச்சி: அவளுக்குப் பியானோவும் இருக்கிறது, அடிமைகளும் திரும்பிவிட்டார்கள். ஒரே மரத்தில், ஒரே உளியால், எஜமானிக்கு அவள் உடைமையும் அடிமைக் குடும்பத்துக்கு அதன் வம்சவரலாறும் சேர்ந்தே கிடைக்கின்றன. பின்னர் வரும் சிக்கல் முழுவதற்கும் வேர் இந்த இரட்டைத்தன்மை.

வில்லி பாயின் பேரன் பாய் சார்ல்ஸ், பியானோ சட்டர் வீட்டில் இருக்கும்வரை தம் குடும்பம் அடிமைக் குடும்பம்தான் என்று ஓயாமல் சொல்பவர். 1911 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளன்று, சட்டர் குடும்பம் வெளியே போயிருந்த நேரத்தில், தம்பிகள் இருவரோடு சேர்ந்து அதைத் தூக்கி வந்துவிடுகிறார். அன்றே அவருடைய வீடு கொளுத்தப்படுகிறது. தப்பி ஏறிய ரயில் பெட்டியும் எரிக்கப்பட்டு, உள்ளிருந்த நான்கு நாடோடிகளோடு அவரும் மாண்டுபோகிறார்.

சட்டம் என்ன சொல்லும்? பியானோ சட்டருடையது, சார்ல்ஸ் குடும்பம் திருடியது. பத்திரம் என்று எதுவும் கிடையாது. 1936இல் பிட்ஸ்பர்க் வீட்டில் பாய் சார்ல்ஸின் பிள்ளைகளான பெர்னீஸும் பாய் வில்லியும் ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொள்வது இந்த மறுக்கப்பட்ட உரிமையின் மேல் நின்றுகொண்டுதான். அக்கா இணங்காவிட்டால் அறுத்துத் தன் பாதியை விற்பேன் என்கிறான் தம்பி. அவனுக்குத் தன் முன்னோர் அடிமைகளாக உழைத்த சட்டரின் நிலத்தை விலைக்கு வாங்க வேண்டும். கைச்சேமிப்பும் தர்பூசணி விற்ற காசும் போதவில்லை. பியானோ இப்படிச் சும்மா கிடப்பதைவிட, அப்பா அதை நிலமாக்கத்தான் விரும்பியிருப்பார் என்பது அவன் வாதம். வலுவான வாதம், பெர்னீஸின் பக்கம் சாய்ந்துவிடும் வாசகர்கள் இதற்கு உரிய மதிப்பைத் தருவதில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் பணம் போகும் வழியைப் பாருங்கள். நிலத்தை விற்பவர், பழைய நிலக்கிழாரின் பேரனும் அண்மையில் கிணற்றில் விழுந்து செத்தவருமான சட்டரின் சகோதரர். தந்தை உயிரைக் கொடுத்து எடுத்துவந்த பொருள் பணமாகி அதே குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேரும். பெர்னீஸ் இதைவிட மேலானவளா? விற்க மாட்டாள், தொடவும் மாட்டாள். தாய் கண்ணீர்விட்டுத் துடைத்த பியானோவைத் தாய் இறந்த நாள்முதல் அவள் வாசித்ததில்லை. மகள் மரீத்தாவுக்கு அதன் கதையைச் சொன்னதுமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சட்டரின் பேய் வந்து பியானோ முன் உட்காருகிறது. டோக்கர் அதைக் கண்ணால் பார்க்கிறார். உடன்பிறந்தவர் இருவருமே, அறியாமல், பழைய உரிமையாளருக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலக் குலச்சொத்து நாவல்களில் இந்த மூன்றாம் தரப்பு கிடையாது. ட்ரொல்லப்பின் ‘தி யூஸ்டஸ் டைமண்ட்ஸ்’ நாவலில் (1873) பத்தாயிரம் பவுண்டு வைரமாலை குலச்சொத்தா இல்லையா என்று வழக்கறிஞர் கருத்துரை எழுதுகிறார், மாலையோ களவுபோகிறது. ஹென்றி ஜேம்ஸின் ‘தி ஸ்பாய்ல்ஸ் ஆஃப் பாய்ன்டன்’ நாவலில் (1897) தாயும் மகனும் பிணங்கிய அருங்கலங்கள் வீட்டோடு எரிகின்றன. பொருள் மறைகிறது, சண்டையும் தேவையற்றுப்போகிறது, சமரசம் நிகழவில்லை. வில்சனிடம் பொருள் வீட்டிலேயே இருக்க, சண்டை தீர்கிறது.

பொது எதிரி வந்ததால் கூடிவிட்டார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். இல்லை. போதகர் ஏவரியின் ஜெபம் பேயை அசைக்கவில்லை. மாடிப்படியில் பாய் வில்லி அதோடு கட்டிப்புரள்கிறான், அதுவும் தீர்வாகவில்லை. பெர்னீஸ் பியானோவில் அமர்ந்து, மரத்தில் செதுக்கப்பட்டவர்களையும் பெற்றோரையும் பெயர் சொல்லி அழைத்து வாசித்த பிறகே பேய் அகல்கிறது. யேல் ரெப்பர்ட்டரி அரங்கில் 1987இல் மேடையேறிய வடிவத்தின் முடிவை வில்சன் பிராட்வேக்கு வருமுன் திருத்தினார். பேயோடு மல்லுக்கட்டுவது மட்டும் போதாது என்பதை அவரே உணர்ந்திருக்க வேண்டும். பாய் வில்லியும் வழக்கைக் கைவிடுகிறான், நிபந்தனையோடு: வாசிப்பை நிறுத்தினால் தானும் சட்டரும் திரும்பி வரக்கூடும் என்கிறான். பியானோ பெர்னீஸுக்கு என்று தீர்ப்பாகவில்லை. அனுபவிக்கும்வரைதான் பாத்தியதை.

தீராதவையும் உண்டு. விறகு திருடப்போன இடத்தில் பெர்னீஸின் கணவன் கிராலி செத்ததற்குத் தம்பியே காரணம் என்று அவள் சொன்ன குற்றச்சாட்டு எந்தத் தீர்வும் இல்லாமல் கரைந்துவிடுகிறது. நாடகத்தின் உண்மையான பலவீனம் பேயில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் வீட்டைவிட்டுச் சட்டர் போய்விட்டார். மிசிசிப்பியில் அவர் குடும்பத்தின் வயல்கள் அப்படியே இருக்கின்றன, பாய் வில்லியோ பியானோ விற்ற காசில்லாமல் ஊர் திரும்புகிறான். அவன் எழுப்பிய பொருளாதாரக் கேள்விக்குப் பெர்னீஸின் இசை விடையாகாது. அந்தக் கேள்வி விடையின்றி நிற்பதைக்கூட இறுதிக் காட்சி காட்டிக்கொள்ளவில்லை.