நிலக்கரி ஊரில் மொட்டை மாடிக் கணக்கு



மொட்டை மாடியில் சோலார் தகடு போடலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டார். "நெய்வேலியில் இருந்துகொண்டு கரண்டுக்குச் சூரியனைத் தேடுவதா? பழநிக்காரன் பஞ்சாமிர்தத்தை வெளியூரிலிருந்து வரவழைத்த கதைதான்!" என்றார். சுரங்கத்தில் முப்பத்தைந்து வருடம் உழைத்தவர். கேட்க உரிமை உள்ளவர். ஆகவே கணக்குக்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கரும்பொருள் வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962 மே மாதம் சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. வளர்ந்து 600 மெகாவாட் ஆன அந்த நிலையம், 58 வருடம் உழைத்து, 2020 செப்டம்பர் 30 அன்று ஓய்வு பெற்றது. நம்மில் பலர் வாங்கிய முதல் சம்பளத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சோலாரை நாம் புதுசு என்று நினைக்கிறோம். அதுவும் நெய்வேலியின் வயதுதான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954ல் சிலிக்கான் செல்லைக் காட்டினார்கள். விழுந்த வெயிலில் சுமார் 6 சதவீதத்தைத்தான் அது மின்சாரமாக்கியது. விலையோ யானை விலை. அதனால் 1958ல் வான்கார்டு செயற்கைக்கோளில் ஏறி விண்வெளிக்குப் போனது. வீட்டுக் கூரைக்கு இறங்கி வர அரை நூற்றாண்டு ஆயிற்று. இன்றைய தகடுகள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

நிலக்கரி நிறுவனமே இதை ஒதுக்கவில்லை. 2015ல் இங்கே 10 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. இன்று அதன் சூரிய மின் திறன் 1,000 மெகாவாட்டுக்கு மேல். பெரும்பகுதி நம் தென் மாவட்டங்களில் இருக்கிறது.

நெய்வேலி மின்சாரத்துக்கு நாம் கட்டிய பில் மட்டுமே விலை அல்ல. ஜம்புலிங்க முதலியார் 620 ஏக்கரைத் தாமாகக் கொடுத்தார். பிறகு ஊர் ஊராக நிலம் கொடுத்துவிட்டு எழுந்து போனவர்கள் ஆயிரக்கணக்கில். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். சட்டப்படி சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நம் வீட்டு விளக்குக்கு யாரோ ஒருவர் நிலம் விட்டார் என்பதை மறக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். மொட்டை மாடி மின்சாரத்துக்கு அப்படி யாரும் எழுந்து போக வேண்டியதில்லை.

இனி காசுக் கணக்கு. 2012 மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. அந்த வருடம்தான் தமிழக அரசு சூரிய மின் கொள்கையை வெளியிட்டது. அப்போது ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் ரூபாய். மத்திய மானியம் 30 சதவீதம், மாநில மானியம் 20,000 ரூபாய். இரண்டும் போக நம் கையிலிருந்து 50,000. நான் அன்று கணக்குப் போட்டுவிட்டு "கட்டாது" என்று நோட்டை மூடினேன். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தபோது, அரசு எடுத்துக்கொண்ட அடிப்படை விலையே கிலோவாட்டுக்கு 50,000. அன்று மானியம் போக மிஞ்சிய தொகை இன்று முழு விலை!

நம்மில் சிலருக்கு வடலூரிலோ விருத்தாசலத்திலோ தனி வீடு உண்டு. 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். சந்தையில் 2 லட்சம் கேட்டாலும் நம் பங்கு 1,22,000. மாதம் சுமார் 300 யூனிட் கிடைக்கும். இரண்டு மாதத்தில் 800 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 2024 கட்டணப்படி பில் ஏறத்தாழ 4,800 ரூபாய். சோலார் 600 யூனிட்டை ஈடுகட்டினால் பில் சில நூறுக்கு இறங்கும். பில்லுக்கு 4,500 மிச்சம் என்றால் நாலரை வருடத்தில் முதல் திரும்பிவிடும். ஆனால் 400 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்பவரின் பில்லே 1,200 ரூபாய்க்குள்தான். அவர் அவசரப்பட வேண்டாம்.

அடுக்குமாடி விஷயம் வேறு. மாடி எல்லோருக்கும் பொது. தனி ஒருவர் போட முடியாது. ஆனால் லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற பொது வசதிகளுக்கென்று நம் போன்ற சங்கங்களுக்குத் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்குத் தனிக் கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஆனது. லிஃப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்குப் பிறகு குறைத்தார்கள். லிஃப்ட் உள்ள நமக்குக் குறையவில்லை.

10 கிலோவாட் என்று வைப்போம். விலை 5 லட்சம், மானியம் 1,80,000, மீதி 3,20,000. 40 வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 8,000. மாதம் 1,000 யூனிட் முழுவதும் நம் கணக்கில் வரவானால் வருடம் 96,000 மிச்சம். மூன்றரை வருடத்துக்குள் முதல் வந்துவிடும். தகடு 25 வருடம் உழைக்கும்.

பாங்க் புத்தி சும்மா இருக்காது; சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். மானியம் வேலை முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும். முதலில் முழுத் தொகையும் தயாராக வேண்டும். பொது இணைப்பில் யூனிட்டை எப்படி ஈடுகட்டுவார்கள், வேறு என்ன கட்டணம் உண்டு என்று மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். எப்படியானாலும் மோட்டாரைப் பகலில் ஓட்டுவது லாபம். பேட்டரி இல்லாத அமைப்பு மின்வெட்டில் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்காக அந்த ஏற்பாடு. 10 கிலோவாட்டுக்கு 1,000 சதுர அடி போகும். வடாம் காயப் போடும் இடம் குறையும். நம் ஊர்த் தூசிக்கு அடிக்கடி கழுவவும் ஆள் வேண்டும்.

இந்தத் திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்டிருக்கிறேன். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கட்டுரையை அந்த மூத்த உறுப்பினரிடம் முதலில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "சுரங்கத்தில் மேல்மண்ணைத் தள்ளித் தள்ளித்தான் கரியைப் பார்ப்போம். இதில் தள்ள ஒன்றும் இல்லை போலிருக்கிறதே!" ஓட்டு யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை.