வாதமும் ஆதாரமும்

ஆதாரம் கேட்க இடமளிக்கும் கூற்றையே முனாழராக் கலை 'தஅவா' என்கிறது. ஆய்வேட்டின் மையக் கருத்தும் அத்தகையதே. 'ராயபுரம் ரயில் நிலையம் தொன்மையானது' என்பது வெறும் செய்தி, மறுப்பார் இலர். 'துறைமுகமே ராயபுரத்திற்கு ரயிலைக் கொணர்ந்தது' என்பது வாதம், ஆயினும் நிலைக்காது. ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1856-ல். துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது 1875-ல். 'துறைமுகத்திற்கு முன்னரே, கோட்டையும் கறுப்பர் நகர வணிகமும் ரயிலை அங்கு ஈர்த்தன' என்பதே வலிய வாதம். அது காலத்தையும் காரணத்தையும் கூறுகிறது. மறுப்பவர் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்பதையும் காட்டுகிறது.

நம் கடற்கரை ஊர்களின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: பெருமையில் தொடங்கும் வரலாற்றை நம்மவர் மட்டுமே ஏற்பர், ஆதாரத்தில் நிற்கும் வரலாற்றைப் பிறரும் ஏற்பர்.