வராகனும் பன்றியும்

வராகன் என்றால் பொன். பன்றி என்றால் இழிவு. இரு சொற்களும் குறிப்பது ஒரே உயிரை! வடமொழிப் பெயர் சூட்டிக் காசாக்கித் தந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், அதையே தமிழ்ப் பெயரோடு தெருவில் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வதும் இந்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் கூத்து. இக்கூத்து எப்படித் தொடங்கியது? பன்றியை வளர்த்தவன் கையிலிருந்த மண் எங்கே போயிற்று? போளூர்ப் பக்கத்து வரலாற்றை வைத்துக்கொண்டே இதற்கு விடை தேடலாம் என்று நாம் கருதுகிறோம்.

போளூருக்கு மேற்கே சவ்வாது மலை. அடிவாரமெங்கும் நிலக்கடலையும் நெல்லும் கரும்பும். பக்கத்து ஆரணியிலே பட்டுத்தறி. மலையின் தென்புறம் செங்கம். சங்க காலத்திலே அது செங்கண்மா. நன்னன் சேய் நன்னன் ஆண்ட ஊர். அவ்வூருக்குச் செல்லும் கூத்தர்க்கு வழி காட்டிப் பெருங்கௌசிகனார் பாடியதே மலைபடுகடாம். அந்தப் பாட்டிலே ஓடும் சேயாறுதான் இன்றைய செய்யாறு. தினைப்புனத்தைக் கேழல் அழிக்குமென்று அஞ்சிய குறவர், அது நுழையும் வழிதோறும் கற்பொறி வைத்திருப்பர், பார்த்து நடங்கள் என்று எச்சரிக்கிறார் புலவர். இருளைத் துண்டாக்கிப் போட்டாற்போல ஏனம் விழுந்து கிடக்கக் கண்டால், மூங்கில் உராய்ந்து எழுந்த தீயில் மயிரைப் பொசுக்கி உண்டு செல்லுங்கள் என்றும் கூறுகிறார். மன்னனைக் காணப் போகும் கலைஞர்க்குப் பன்றி இறைச்சி வழியுணவு! அதில் இழிவு இருந்ததாக எவரும் எண்ணவில்லை. (அந்தப் புனத்துக் கவலை இன்னும் தீர்ந்தபாடில்லை. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. கற்பொறி துப்பாக்கியாயிற்று, அவ்வளவே.)

தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். களிறு என்னும் பெயர் யானைக்குச் சிறப்பாக உரியது. ஆயினும் ஆண் பன்றிக்கு வழங்கினாலும் குற்றமில்லை என்று மரபியலில் இலக்கணம் வகுக்கிறார். வேழமும் கேழலும் ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொண்ட மொழி இது!

காட்டுப் பன்றி மட்டுமா? வீட்டுப் பன்றியும் உண்டு. போளூரும் அடங்கிய தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையிலே ஒரு காட்சி காட்டுகிறார். கடற்கரைப் பட்டினத்தில் ஆண் பன்றியைப் பெண் பன்றியோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைத் தீனியாக இட்டுப் பல நாள் கொழுக்க வைக்கிறார்கள். அதன் இறைச்சியும் கள்ளும் விருந்தினர்க்கு. அந்தப் பன்றிக்கு இடம் இருந்தது. அளந்து இட்ட தீனி இருந்தது. அதை வளர்த்தவருக்குக் குழி தோண்டத் தரை இருந்தது. குப்பை மேட்டுக்கு அது போகவேண்டிய தேவை என்ன?

இடமும் தீனியும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைப் பாருங்கள். மக்கள் ஏறக்குறைய 32 இலட்சம். பன்றிகளோ இரண்டு கோடிக்கும் மேல். சோளம் விளைகிறது, பன்றி அதை உண்கிறது, பன்றியின் எரு மீண்டும் சோளக் கொல்லைக்கே போகிறது. அம்மாநிலக் கண்காட்சியில் மிகப் பெரிய ஆண் பன்றிக்குப் பரிசு கொடுத்துப் பெருமை கொள்கிறார்கள். பன்றியும் பண்ணையும் அங்கே நாட்டின் அடையாளம். அயோவா மண்ணும் கறைபடாததன்று. அங்கு வாழ்ந்த மெசுகுவாக்கி மக்கள், தாங்கள் இழந்த பூமியில் 80 ஏக்கரை 1857 இல் பணம் கொடுத்தே திரும்ப வாங்கினர். மண்ணைப் பிடுங்குவது ஒரு நாட்டாருக்கு மட்டும் உரிய கலையன்று போலும்.

நம் நாட்டிலும் பன்றி அரசின் அடையாளமாக இருந்ததுண்டு. வாதாபிச் சாளுக்கியரின் இலச்சினை பன்றி. மகேந்திரவர்மன் காலத்தில் இரண்டாம் புலிகேசி தொண்டை நாட்டின்மேல் படையெடுத்து வந்தது அந்தக் கொடியோடுதான். பின்னர் விசயநகர வேந்தரும் பன்றியையே முத்திரையாகக் கொண்டனர். ஏன் பன்றி? கடலில் மூழ்கிய நிலமகளைத் திருமால் பன்றியாகிக் கொம்பில் தாங்கி மீட்டான் என்னும் கதைதான் காரணம். மாமல்லபுரத்து வராகக் குகையில் அக்காட்சியை ஏழாம் நூற்றாண்டிலேயே பல்லவச் சிற்பி செதுக்கிவிட்டான். நிலத்தை மீட்டது பன்றி. ஆகவே பன்றி முத்திரை தாங்கிய அரசனுக்கே நிலம்! எவ்வளவு எளிய கணக்கு, பார்த்தீர்களா?

போளூருக்கு வடக்கே உள்ள படைவீடு, சம்புவராயரின் தலைநகராக விளங்கிய ஊர். பதினான்காம் நூற்றாண்டின் நடுவிலே விசயநகரத்துக் குமார கம்பணன் படை அவர்களை வென்றது. வளமான இந்த நெல் வயல்கள் படைவீட்டு இராச்சியம் என்ற பெயரில் பேரரசின் ஒரு பகுதியாயின. அதன்பின் வரியென்றால் வராகன், கடனென்றால் வராகன், சீர் வரிசையென்றால் வராகன். காசிலே அனுமனோ சிவனோ இரண்டு தலைப் பறவையோ இருந்தபோதும் பெயர் வராகன்தான்! பன்றியின் உருவம் மறைந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1818 ஆம் ஆண்டில் கும்பினி அரசு சென்னை மாகாணத்தில் ரூபாயைத் தலைமை நாணயமாக்கிய பிறகே அந்தப் புழக்கம் தேய்ந்தது. நாட்டு மருந்துக் கடையில் வராகன் எடை அதன்பின்னும் நெடுநாள் வாழ்ந்தது.

காசான பன்றிக்கு இந்த வாழ்வு. உயிருள்ள பன்றிக்கு? மனுநூல் விடை சொல்லுகிறது. பூண்டோடும் வெங்காயத்தோடும் ஊர்ப்பன்றியையும் சேர்த்து, அறிந்து உண்ட இருபிறப்பாளன் சாதியிலிருந்து வீழ்வான் என்கிறது ஐந்தாம் இயல். மூன்றாம் இயலோ, சிராத்தத்தில் பன்றி இறைச்சி படைத்தால் முன்னோர்கள் பத்துத் திங்கள் மனநிறைவோடு இருப்பார்கள் என்கிறது! அது காட்டில் வேட்டையாடிய பன்றி என்று சமாதானம் கூறுவர். அரசன் அம்பெய்து வீழ்த்தினால் புனிதம்; ஏழை குடிசையோரத்தில் வளர்த்தால் தீட்டு. பன்றியின் உடலில் எந்த மாற்றமும் இல்லை. வளர்ப்பவன் யார் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

அந்த வளர்ப்பவன் எங்கே வாழ்ந்தான்? இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், வரி நீக்கிய நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் எழுதுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு. 1891 இல் செங்கற்பட்டு ஆட்சித் தலைவராக இருந்த திரமென்கீர், பறையர் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அவர்களுக்கு வயல் இல்லாமை மட்டுமன்று, குடிசை நிற்கும் மனைகூடத் தமதென்று மிராசுதாரர் உரிமை கொண்டாடியதையும், எதிர்த்துப் பேசினால் வெளியேற்றும் அச்சம் நிலவியதையும் அது காட்டியது.

நம் தெருப் பன்றியின் வரலாறு இங்கேதான் அடங்கியிருக்கிறது என்போம். மாடு வளர்க்கத் தொழுவம் வேண்டும், வைக்கோல் வேண்டும், மேய்ச்சல் வேண்டும். ஒரு சாண் மண்ணும் இல்லாதவன் எதை வளர்ப்பான்? தானே இரை தேடிக்கொள்ளும் உயிரை வளர்ப்பான். பட்டி கட்ட இடமில்லை, ஆகவே அது தெருவில் திரிந்தது. மாவு இட வழியில்லை, ஆகவே அது கழிவை உண்டது. பெரும்பாணாற்றுப்படை காலத்துப் பன்றி அசிங்கமாகவில்லை. அதன் காலடி மண்தான் பறிபோயிற்று. பறித்தவர்களே பிறகு, "பன்றி மேய்ப்பவன்" என்று வசை பாடினார்கள்!

திரமென்கீர் அறிக்கையின் பயனாக 1892 இல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலங்கள் வழங்கப்பட்டன. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் அவர்களுக்குள்ளேயே விற்கவேண்டும் என்பது விதி. பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற அது, மாகாணம் முழுதும் ஏறக்குறைய 12 இலட்சம் ஏக்கர் என்பர். விதி ஏட்டில் இருந்தது. நிலமோ கடனுக்கும் மிரட்டலுக்கும் பொய்ப் பத்திரத்துக்கும் இரையாகிப் பெருமளவு கைமாறியது. 1994 ஆம் ஆண்டு அக்டோபரில், காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். நிலத்தைப் பன்றி மீட்டதற்குக் கோயில். மனிதன் மீட்கப் போனதற்குக் குண்டு!

இன்று கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் பன்றி வளர்ப்பு ஆராய்ச்சி நடத்துகிறது. வெள்ளை யார்க்சயர் இனத்தை நாட்டுப் பன்றியோடு கலந்து புதிய வகை உண்டாக்கியிருக்கிறார்கள். வேளாண் குடியினருக்குப் பயிற்சியும் தருகிறார்கள். அந்த முறை வளர்ப்பில் பன்றிக்குச் சிமெண்டுத் தரை உண்டு, குட்டி ஈனத் தனி அறை உண்டு, கழிவுநீர் ஓட வாய்க்கால் உண்டு. அந்தக் கொட்டகையைக் கட்ட, கட்டுபவனுக்குக் கொஞ்சம் மண்ணும் வேண்டும். காட்டுப்பாக்கம் இருப்பது திரமென்கீர் அறிக்கை எழுதிய அதே பழைய செங்கற்பட்டுச் சீமையில். காரணையும் அங்கேதான்.