தீர்ப்பு வழங்கிய அவரை

நைஜீரியாவின் தென்கிழக்கே உள்ள கலபார் பகுதியில், ஆற்றோர மரங்களைப் பற்றிக்கொண்டு 50 அடி உயரம் வரை ஏறும் கட்டைக்கொடி ஒன்று உண்டு. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் கரும்பழுப்பு விதையை அங்கு வாழும் எஃபிக் மக்கள் 'எசெரே' என்பர். உலகம் அதனைக் கலபார் அவரை என அறியும்.

முற்காலத்தில் அவ்விதையே அங்கு நீதிபதியாய் விளங்கியது. சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விதையை இடித்து நீரில் கரைத்துக் கொடுப்பர். வாந்தி எடுத்துப் பிழைத்தவர் குற்றமற்றவர், மடிந்தவர் குற்றவாளி. தலைவர் ஒருவர் இறந்துவிட்டால், அவரைச் சூழ்ந்திருந்த அடிமைகளும் உறவினரும் இச்சோதனைக்கு ஆளாயினர்.

இவ்வழக்கத்தை ஆப்பிரிக்காவின் அறியாமை என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பையும் கொதிநீரையும் கொண்டு குற்றத்தைச் சோதித்தது கிறிஸ்தவ ஐரோப்பா. அச்சோதனைகளுக்குக் குருக்கள் ஆசி வழங்கலாகாது என 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் தடை விதிக்க வேண்டியிருந்தது.

எசெரேயின் கதை அத்துடன் முடியவில்லை. ஸ்காட்லாந்து மறைபணியாளர் வழியே விதை எடின்பரோ நகரை அடைந்தது. 1855இல் மருத்துவப் பேராசிரியர் இராபர்ட் கிறிஸ்டிசன் அதனைத் தாமே உண்டு சோதித்தார். உடல் தளர்ந்ததும், முகம் மழித்த நீரைக் குடித்து வாந்தியெடுத்து உயிர் தப்பினார். 1864இல் அதன் நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டது. 1870களில் அது கண்ணழுத்த நோய்க்கு மருந்தாயிற்று. தசைகள் சோர்ந்து கண்ணிமையும் தாழ்ந்துவிடும் நோய்க்கு அதனால் பயனுண்டு என 1934இல் மேரி வாக்கர் என்னும் மருத்துவர் இங்கிலாந்தில் கண்டார். அடுத்த ஆண்டே, அடிமைகளின் பேரனான பெர்சி ஜூலியன், யோசெப் பிக்கில் என்பவருடன் சேர்ந்து அமெரிக்காவில் அதனைச் செயற்கையாக உருவாக்கினார்.

கொன்றதும் குணப்படுத்தியதும் ஒரே பொருளே. நரம்பு தசைக்கு விடுக்கும் கட்டளையை அது அழியவிடாமல் நீட்டிக்கிறது. அளவு மிகுந்தால் மூச்சு நிற்கும். அளவோடிருந்தால் சோர்ந்த தசை எழும். குடித்தவரின் மனச்சான்றை அது ஒருபோதும் அறிந்ததில்லை.

"இவன் குற்றவாளியா?" என்று விதையிடம் கேட்டவரை பிணங்களே விடையாயின. "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்ட பின்னரே மருந்து கிடைத்தது. சாட்சிகளை விசாரித்து, ஐயம் எழுந்தால் பொறுத்திருக்கும் கடமை மனிதருக்கே உரியது. அச்சுமையை வேறொன்றின் மேல் இறக்கிவைக்க விரும்பும் மனம் கலபாரில் மட்டும் இருந்ததன்று. ஊர்ப்பேச்சை நம்பி அயலாரைத் தீர்ப்பிடும் வேளைகளில், நாமும் எசெரேயைத்தான் இடித்துக் கரைக்கிறோம்.