வெண்ணெய் வணிகமும் குழந்தைகளின் கண்களும்

கொழுப்பு என்றதும் இருதய நோயை நினைப்பதே இக்கால வழக்கம். மிகுந்தாற் தீங்கென்பது மெய்யே. ஆயினும், அது கிட்டாமையாற் குழந்தைகள் பார்வையிழந்த வரலாறொன்றும் உண்டு.

டென்மார்க் வெண்ணெய்க்குப் பேர்போன நாடு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவ்வெண்ணெய் நல்ல விலைக்குப் பிறநாடுகளுக்குப் போயிற்று. ஏழை வீடுகளில் எஞ்சியவை ஆடை நீக்கிய பாலும் தாவரக் கொழுப்பாலான மாஜரினுமே. பால் பெருகிய நாட்டிலே பாலின் சாரம் பாலகருக்கில்லை! அவர்தம் கண்கள் வறண்டன. கருவிழி புண்பட்டுச் சிலர் பார்வையிழந்தனர்.

கொப்பன்ஹேகன் நகரத்துக் குழந்தை வைத்தியர் கார்ல் புளொக் இதனைக் கூர்ந்து நோக்கினார். குழந்தைகள் இல்லமொன்றில் ஒரு பகுதியினர் முழுப்பால் அருந்தினர். மறு பகுதியினருக்கு அது கிடைக்கவில்லை. நோய் கண்டது இவர்களிடத்தேதான். கொட்மீன் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் சில நாட்களிற் கண்கள் தெளிந்தன. கண் மட்டுமன்று, இக்குழந்தைகளை நியுமோனியாவும் காதுச்சீழும் எளிதிற் பற்றியதையும் அவர் கண்டார்.

காரணம் என்ன? வெண்ணெய்க் கொழுப்பிலும் முட்டை மஞ்சட் கருவிலும் உள்ள ஒரு சத்து பன்றிக் கொழுப்பிலும் ஒலிவ் எண்ணெயிலும் இல்லையென அமெரிக்காவில் மக்கொலமும் டேவிஸ் அம்மையாரும் 1913இல் எலிகளைக் கொண்டு காட்டியிருந்தனர். அதுவே விற்றமின் ஏ. கண், சுவாசக் குழாய், குடல் ஆகியவற்றின் உட்தோலைக் காப்பது அது. அத்தோல் கெட்டாற் கிருமிக்கு வாயில் திறந்துவிடும்.

1917இல் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடல்வழியை மறித்தன. வெண்ணெய் நாட்டிலேயே தங்கியது. டிசம்பரிற் பங்கீடும் வந்தது. 1918இல் அக்கண்ணோய் ஏறக்குறைய மறைந்தது. வைத்தியரின் எச்சரிக்கையாலாகாததைப் போர்த்தடை செய்தது விந்தையே. மாஜரினில் விற்றமின் ஏ சேர்க்கும் வழக்கம் பின்னரே வந்தது.